எந்த வரி அவருடையது

கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிடத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மருந்துக் கடைக்காரம்மா வாயருகே கொண்டுபோன டீயை அப்படியே நிறுத்தினாள். ஆறு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம்தான். ஆனால் இந்தச் சிரிப்பை அவளுக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியும். முதலில் மூக்கு வழியாக ஒரு சீறல், பிறகு தொண்டைக்குள் ஏதோ உருளும் சத்தம், முடிவில் கட்டாயம் ஓர் இருமல். வீட்டில் அதைக் கேட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருக்கும். டாக்டர் மறதி நோய் என்று பெயர் வைப்பதற்கு முன்னாலேயே அது நின்றுபோயிருந்தது. நின்றதை அவள் கவனிக்கவில்லை. இப்போது காதில் விழுந்த பிறகுதான் இத்தனை நாள் அது இல்லாமல் இருந்ததே தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரரா?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சரின் மருமகள். டீச்சர் உள்ளே இருந்தார்.

"ஆமா. என்னத்துக்கோ சிரிக்கிறார்." சொல்லும்போதே அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தன் வீட்டில் தனக்குச் சொல்லாமலே விருந்து நடப்பது போல் இருந்தது.

அது ஓர் ஆராய்ச்சி மையம். மறதி நோய் வந்தவர்களின் அன்றாடத்தைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள். தொடங்குவதற்கு முன்னால், யாரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, சம்மதப் படிவத்தில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் அந்த நோய் வந்தவர்களையே கூட்டிவைத்து விசாரித்துக்கொள்கிறார்கள். ஆலோசனைக் குழு என்று பெயர். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, இரண்டு மணி நேரம். டாக்டர் இதைச் சொன்னபோது அவள் டாக்டர் முன்னாலேயே சிரித்துவிட்டாள். "மறந்து போறவங்ககிட்டயா டாக்டர் யோசனை கேக்கறாங்க? நல்ல ஆபீஸ்தான்!" என்றாள். ஆனாலும் பெயரைக் கொடுத்தாள். காரணத்தை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரம் செருப்பு எங்கே, கண்ணாடி எங்கே, இன்றைக்கு என்ன கிழமை என்று ஒருவரும் அவளைக் கேட்க மாட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் டீ வரும்.

முதல் நாள் வழக்கம்போல் அவரோடு உள்ளே போய், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ரிப்போர்ட் ஃபைலையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். கூட்டத்தை நடத்துகிற பெண் பக்கத்தில் வந்து குனிந்து, "அம்மா, கூட வந்தவங்க வெளிய இருக்கணும்மா," என்றாள்.

"அவருக்குப் பேச்சு கோர்வையா வராதும்மா. நான் எடுத்துக் குடுத்தாத்தான்."

"வர்ற அளவுக்கு வந்தாப் போதும்மா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது என்று தீர்மானித்தாள்.

அவளுக்கு அனுபவத்துக்குக் குறைவில்லை. முப்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றவள். எழுதின டாக்டரே திரும்பப் படிக்க முடியாத சீட்டை அவள் வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துப் படித்துவிடுவாள். வாடிக்கையாளர் "இந்த... சாப்பிட்டதும் நெஞ்சுல..." என்று இழுப்பதற்குள் மாத்திரை அட்டை மேசைக்கு வந்துவிடும். முடிக்கவிட்டால் வரிசை தெருவரைக்கும் நீளும். ஆகவே மற்றவர்களின் வாக்கியங்களை முடித்துவைப்பது அவளுக்குக் கைவந்த கலை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இயல்பிலேயே பேச்சைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிற ஆள். மறதி வந்த பிறகு அதுவும் சுருங்கிப்போய், "அந்த..." என்று தொடங்குவார். மிச்சத்தை அவள் போட்டுக்கொடுப்பாள். டாக்டர் வயது கேட்டால் அவள் சொல்வாள். முடி வெட்டுகிறவர் எவ்வளவு குறைக்கட்டும் என்று கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டால், பின்னால் பெஞ்சிலிருந்து அவள் சொல்வாள். அவர் தலையை ஆட்டுவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சிரிப்புக் கேட்ட அன்றைக்குத் திரும்பும் வழியில் பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"உள்ள என்னத்துக்குச் சிரிச்சீங்க?"

"யாரு?"

"நீங்கதான். சத்தமா. வெளிய கேட்டுச்சு."

அவர் உண்மையாகவே யோசித்தார். இரண்டு நிறுத்தம் போயிற்று. "பிஸ்கட் நமுத்துப் போயிருந்துச்சு," என்றார்.

"அதுக்கா சிரிச்சீங்க?"

"இல்ல. அது தனி."

அவளுக்கு மண்டைக் குடைச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. சிரிப்பு நிச்சயமாக அவருடையது. ஆனால் எதற்கென்பது அவரிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. அந்த அறையிலேயே, மற்ற ஐந்து பேரிடம், அதிலும் மறதிக்காரர்கள் ஐந்து பேரிடம் விட்டுவிட்டு வந்தாயிற்று. திரும்பப் போய் வாங்கிக்கொண்டு வரக்கூடிய பொருளா அது?

மறு வாரம் தபாலில் ஒரு தாள் வந்தது. கூட்டத்தில் சொல்லப்பட்டவற்றின் சுருக்கம். யார் எதைச் சொன்னார்கள் என்று போடவில்லை. போடக் கூடாது என்பது குழு தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதியாம். பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுத்துத் தமிழாக மாற்றியும் இருந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே சீருடை மாட்டிவிட்டது போல் இருந்தது. அவள் கடை மேசைமேல் தாளை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

கேள்விகளைப் பெரிய எழுத்தில் அச்சிடவும். ஆனால் எங்களிடம் உரக்கப் பேச வேண்டாம். காது நன்றாகவே கேட்கிறது.

"கடைசியாக எப்போது மகிழ்ச்சியாக இருந்தீர்கள்?" என்ற கேள்வியை எடுத்துவிடவும். எங்களுக்குத் தகராறு 'எப்போது' என்பதில்தான். மகிழ்ச்சியில் அல்ல.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் தட்ட வேண்டும். வெளியே இருப்பவர் உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்ப வேண்டும். கேள்வி கேட்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நாங்கள் தலையாட்டினால் சம்மதம் என்று குறித்துக்கொள்ள வேண்டாம். கேள்வி முடிந்தால் போதும் என்று பல நேரம் தலையாட்டுகிறோம்.

எங்களுக்குப் பதிலாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் தொந்தரவு.

பிஸ்கட்டை மாற்றவும்.

மூன்றாவது வரிக்கு வந்ததும் அவள் விரலை அதன்மேல் ஊன்றிக்கொண்டாள். எந்தச் சீருடை மாட்டினால் என்ன, இது அவருடையதுதான். வேறு யாருக்கு லிஃப்ட் ஞாபகம் வரும்? இருபத்தொன்பது வருஷம் அந்த இருட்டுக் குழிக்குள் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கின மனுஷன் அல்லவா! பேசவே வராது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஆள் இவ்வளவு பெரிய விஷயத்தை உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தாளை ஜெராக்ஸ் எடுத்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில், எல்லாரும் படிக்கிற மாதிரி வைத்தாள். இருமல் மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். நான்காவது வரியையும் படித்தாள். 'பாவம், எந்த வீட்டு ஆளோ, எந்தப் பொம்பளை அப்படிப் படுத்தறாளோ' என்று நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது வரி குழுவில் இருந்த தையல்காரருடையதாக இருக்கும் என்று தோன்றிற்று. அவரைக் கூட்டிவருகிற தம்பி வெளியே உட்கார்ந்திருக்கும்போதுகூட வாயை மூடுவதில்லை.

மகளுக்கும் போன் போட்டு வாசித்துக் காட்டினாள். "அப்பாவா இப்படிச் சொன்னாரு?" என்றாள் மகள். பிறகு அவளுடைய வழக்கமான விஷயத்துக்கு வந்துவிட்டாள். "லாரிக்காரன் இருபத்தாறாம் தேதியே வர்றேங்கிறான்மா. வீட்டு ஓனர்கிட்டச் சொல்லிட்டியா? அப்பாவை நல்லாக் கேட்டுட்டேல்ல?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு. சரின்னுட்டார்."

மகள் வேறு ஊரில் இருந்தாள். ஆறு மணி நேரப் பயணம். அவர்கள் இருவரும் இந்த வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. உண்மையைச் சொன்னால் இதில் மகளைவிட அவளுக்குத்தான் அவசரம். போன மாதம் அவர் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்துவிட்டார். தாழ்ப்பாள், பூட்டு, கதவு என்றே வாழ்ந்த மனுஷன். அவள் வெளியே நின்று சொல்லிக்கொடுத்துக் களைத்து, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவளுக்குப் பயம். தனியாகச் சமாளிக்க முடியாது என்ற பயம். அதனால் ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "பொண்ணு வீட்டுக்கே போயிடலாம், என்ன? அங்க பேரப் பிள்ளைங்க இருக்காங்க, வீடு பெருசு, ஆஸ்பத்திரி கிட்ட," என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய் மகளுக்குப் போன் செய்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் சீக்கிரமாகவே வந்துவிட்டாள். எப்போதும் போல் படியேறித்தான் வந்தார்கள். அவரை லிஃப்டில் கூட்டிக்கொண்டு போக முடியாது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார், பின்னால் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவரை உள்ளே அனுப்பிவிட்டு, டீச்சரின் மருமகளிடம் தாளைப் பிரித்தாள். இத்தனை நாள் கடையில் காட்டியது வேறு, இங்கே காட்டுவது வேறு. இவர்களுக்கு அருமை தெரியும்.

"இந்த மூணாவது இருக்கு பாருங்க. எங்க வீட்டுக்காரர் சொன்னது."

மருமகள் குனிந்து படித்தாள். அவள் முகத்தில் ஒரு சங்கடம் வந்து போயிற்று. "இது எங்க அத்தை சொன்னதுங்க," என்றாள் மெதுவாக.

"உங்க அத்தையா? அவங்க கணக்கு டீச்சர்தானே?"

"அன்னிக்கு நாங்க வரும்போது இந்த லிஃப்ட்லதாங்க மாட்டிக்கிட்டோம். இருபது நிமிஷம். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. அத்தை குடையால தட்டிக்கிட்டே இருந்தாங்க. ஆள் வந்து திறந்துவிட்டதும் நேரா உள்ள போய் அதைத்தான் சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்தும் நாலு நாள் அதையே சொன்னாங்க, எனக்கு வரி வரியாத் தெரியும்." பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்க வீட்டுக்காரர் சிரிச்சது அதுக்கா இருக்கலாம்ங்க," என்றாள்.

மருந்துக் கடைக்காரம்மா தாளை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது நினைவுக்கு வந்து காது மடல் சூடாயிற்று. இருமல் மருந்துக்காரர்கள் எத்தனை பேர்! ஆனால் அந்த வெட்கம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. மூன்றாவது வரி அவருடையது இல்லையென்றால் அவருடையது எது? இதுவரைக்கும் மற்ற வரிகளை அவள் பிறத்தியார் வீட்டு விஷயமாகத்தான் படித்திருந்தாள். இப்போது ஐந்து வரிகளும் அவளை நேராகப் பார்த்தன. பிஸ்கட் அவருடையதாக இருக்கலாம். இருந்தால் நிம்மதி. நான்காவதாகவும் இருக்கலாம். சாப்பாட்டு மேசையில் அவர் தலையை ஆட்டியதை அவள் திரும்பத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். அது சாதாரணமாகத்தான் இருந்தது. முடி வெட்டும் இடத்தில் ஆட்டுவது போல்தான் இருந்தது.

இடைவேளைக்குக் கூட்டம் நடத்துகிற பெண் வெளியே வந்ததும் அவள் மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாலாவது வரி யாரு சொன்னது?"

"அதைச் சொல்ல முடியாதேம்மா."

"எங்க வீட்டுக்காரரான்னு மட்டும் சொல்லு. ஆமா இல்லைன்னு. நீ வாயைக்கூடத் திறக்க வேணாம், தலையை ஆட்டு போதும்." சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏம்மா தெரியணும்?"

அவள் இருபத்தாறாம் தேதி லாரியைப் பற்றிச் சொன்னாள். குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னாள். கேட்டதும், அவர் ஆட்டியதும், அவள் போனை எடுத்ததும் சொன்னாள். கடையில் ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குப் பதில் சொல்கிறவளுக்கு இதைச் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. ஆச்சரியமாக, அந்தப் பெண் நடுவில் ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"இதை நீங்க அவரையே கேக்கலாம்மா," என்றாள் கடைசியில்.

"கேட்டா ஆட்டுவாரே."

"கேட்டதும் நாம பேசாம இருக்கணும். ஒரே ஒரு கேள்வி. காரணம், சௌகரியம் எதையும் சேர்க்காம. அப்புறம் அவர் முகத்தையே பாக்காம சும்மா உக்காந்திருக்கணும். எங்களுக்கே அதுதான் கஷ்டமான வேலை. நான் மேசைக்கு அடியில ஒரு கால் மேல இன்னொரு காலை வெச்சு அழுத்திக்குவேன்."

"அப்படியெல்லாம் எனக்கு வராது. நான் ஒரே ஒரு நாள் உள்ள வந்து உக்காந்துக்கறேனே. பேச மாட்டேன். அவர் எப்படிப் பேசறார்னு பாக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் பெண் யோசித்தாள். "அதை முடிவு பண்றது நான் இல்லம்மா, அவங்க ஆறு பேரும்தான். கேட்டுப் பாக்கறேன்," என்று உள்ளே போனாள்.

டீத் தட்டு வெளியே வரவேண்டியிருந்ததால் கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. அவள் ஒட்டுக்கேட்கவில்லை. நாற்காலி அங்கேதான் இருந்தது, காது நன்றாகவே கேட்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெண் விஷயத்தை எடுத்துவைப்பது கேட்டது. டீச்சர், "வரட்டுமே, நாற்காலிதான் நிறைய இருக்கே," என்றார். தையல்காரர், "என் தம்பி வர்றதா இருந்தா வேணாம், அந்தம்மான்னா சரி," என்றார். சிரித்தார்கள். இன்னும் மூன்று பேர் சரி என்றார்கள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போயிற்று. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாராவது அவருக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுங்களேன் என்று மனசுக்குள் கத்தினாள். யாரும் கொடுக்கவில்லை.

"வேணாம்," என்றது அவருடைய குரல்.

ஒரு டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

"அவ நல்லவ. நல்லாப் பேசுவா. அவ வந்தா..." நின்றது. நின்றே இருந்தது. "அவ வந்தா நான் அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்துடுவேன். பதில் அங்க இருக்கும்."

டீத் தட்டு வெளியே வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி, கேட்காதது போல் கைப்பையில் எதையோ தேடினாள். மருந்துக் கடைக்காரம்மாவுக்கு முதலில் வந்தது வலிதான். சந்தேகமே இல்லாத வலி. முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவளை, மற்ற ஐந்து பேர் முன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கும்போதே, அடியிலிருந்து வேறு ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. அது சந்தோஷம். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல வருகிறது. காரணத்தோடு சொல்ல வருகிறது. யாரும் எடுத்துக்கொடுக்காமல், தானே நின்று நின்று, முழுசாக ஒரு வாக்கியம். அதை அவள் முடித்துவைக்க நினைத்திருந்தால்கூட இப்படி முடித்திருக்க மாட்டாள். "என்னங்க ஆச்சு?" என்று மருமகள் கேட்டபோது, அழுதுகொண்டே சிரிப்பதைப் பற்றி அவளுக்கு ஒரு விளக்கமும் கொடுக்க முடியவில்லை.

அந்தப் பெண் வெளியே வந்து, "ஒருத்தர் ஒத்துக்கலம்மா. ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம்தான், அவங்க விதி," என்றாள். யார் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பேருந்தில் அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. அவர் வெளியே கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, விளக்கைப் போட்டு, அவரைச் சாப்பாட்டு மேசையில் தனக்கு எதிரில் உட்காரவைத்தாள். சுவரோரம் ஏற்கெனவே ஏழு அட்டைப்பெட்டிகள் கட்டிவைத்திருந்தாள். பாத்திரம், துணி, அவருடைய ஸ்பானர்கள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

கேட்பதற்கு முன்னால் அவளுக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? லாரியை நிறுத்தலாம், மகளைச் சமாதானப்படுத்தலாம், ஆனால் அந்தத் தாழ்ப்பாளை, அந்த முக்கால் மணி நேரத்தை, இனி வரப்போகிற எத்தனையோ முக்கால் மணி நேரங்களை அவள் ஒருத்தியே அல்லவா தாங்க வேண்டும்? கேட்காமலே விட்டுவிடலாம். ஆட்டினார் அல்லவா, அது போதாதா? ஒரு நிமிஷம் உண்மையாகவே எழுந்து அடுப்பங்கரைக்குப் போகப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"பொண்ணு வீட்டுக்குப் போய் இருக்கலாமா?"

பேரப் பிள்ளைகள் நாக்கு நுனிக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி வந்தது. விழுங்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமல், மேசை விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பார்த்தாள். அவர் தலை அசைவது கண்ணோரத்தில் தெரிந்தது. பழைய ஆட்டம்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வழக்கமாக ஆட்டியதும் கேள்வி முடிந்துவிடும். இன்றைக்கு அது முடியாமல் மேசைமேலேயே இருந்தது. அவருக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். ஆட்டுவதை நிறுத்தினார். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. எதிர் வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. அவர் பெட்டிகளைப் பார்த்தார், எண்ணுவது போல் ஒவ்வொன்றாக.

"இதெல்லாம் அங்க போகுதா?"

"ம்."

"நமக்கு எந்த ரூம்?"

"பின்பக்க ரூம்."

அவர் இந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார்.

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

கிழக்கு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. மகள் வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறாள், மூன்று முறையும் முன் ஹாலிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த அறையின் கதவைத் திறந்து பார்த்ததாகவே நினைவில்லை. ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். ஜன்னல் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

"தெரியலையே," என்றாள். அந்த வார்த்தையை அவரிடம் சொல்லி எவ்வளவு காலமாயிற்று!

"கேளு," என்றார் அவர்.

அவள் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். மகள் எடுத்ததும், "என்னம்மா, வீட்டு ஓனர்கிட்டச் சொல்லிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல. முதல்ல அந்தப் பின்பக்க ரூமைப் போய்ப் பாரு. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?"

"ஜன்னலா? இப்பவா? எதுக்கும்மா?"

"அப்பா கேக்கறார்."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், ஒரு கதவு, விளக்கைப் போடும் சொடுக்கு. "அலமாரி மறைச்சிருக்கும்மா. பின்னாலதான் இருக்கணும்... இரு, நகர்த்திப் பாக்கறேன்." அலமாரிக் கால் தரையில் உரசுவது கேட்டது. நின்றது. மறுபடி உரசியது. அவர் நாற்காலியை மேசையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"தொறந்தா என்ன தெரியும்னு கேளு," என்றார் அவளிடம்.

அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே கேளுங்க."

அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிப் போனுக்கு மேல் குனிந்தார். உதடு பிரிந்தது, வார்த்தை இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் மகள் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தாள்.